கொல்லைப்புறச் செடியும் சர்க்கார் தராசும்

இந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல வந்த 'ம்ம்', 'ஆங்' எல்லாத்தையும் வெட்டியாச்சு.

கஞ்சா பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு போன வருஷத்துல இருந்தே மெசேஜ் வந்துட்டு இருக்கு. பாதிப் பேர் கேட்டது "இது எப்ப சட்டவிரோதம் ஆச்சு?"ன்னு. மீதிப் பேர் பதிலையும் சேர்த்தே அனுப்பியிருந்தாங்க: "1985 வரைக்கும் இந்தியாவுல எல்லாம் ஃப்ரீ, அமெரிக்கா அழுத்தம் கொடுத்துச்சு, ராஜீவ் காந்தி தடை போட்டார்." வாட்ஸ்அப்ல, யூட்யூப்ல, இன்ஸ்டா ரீல்ல எல்லாம் இதே வரிதான். அதுல பாதி உண்மை. ஆனா தமிழ்நாட்டுக்காரங்க நாம அதை அப்படியே திருப்பிச் சொன்னா தப்பு. ஏன்னு வரிசையா பார்க்கலாம்.

முதல்லயே ஒண்ணு. எப்படி வளர்க்கிறதுங்கிறது இந்த எபிசோட்ல கிடையாது. அதுக்காக வந்தவங்க இங்கயே இறங்கிக்கலாம். அறுத்த செடி எப்படிச் சரக்கா மாறுச்சு, அந்தச் சரக்கை சர்க்கார் எப்படி எடை போட்டுச்சு, அந்த எடை எப்படி நூறு வருஷம் கழிச்சு ஜெயில் கணக்கா மாறுச்சு. நம்ம கதை இதுதான்.

லண்டன்ல ஒரு கேள்வி

1893 மார்ச். பிரிட்டிஷ் பார்லிமெண்ட்டில் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன் என்கிற எம்.பி. எழுந்து ஒரு கேள்வி கேட்டார். இவர் மதுவிலக்கு இயக்கக்காரர். வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதையும் விற்பதையும் மக்கள் மீதான அதன் பாதிப்பையும் விசாரிக்க ஒரு கமிஷன் போட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இந்திய சர்க்கார் அதை வங்காளத்தோடு நிறுத்தவில்லை. நாடு முழுக்க விசாரிக்கலாம் என்று அந்த ஜூலையில் 'இந்தியன் ஹெம்ப் ட்ரக்ஸ் கமிஷன்' அமைக்கப்பட்டது.

தலைவர் மேக்வொர்த் யங். மொத்தம் 7 உறுப்பினர்கள், அதில் 3 பேர் இந்தியர்கள்: தாஹிர்பூர் ராஜா சசி சிகரேஸ்வர் ராய், கன்வர் ஹர்னாம் சிங், லாலா நிஹால் சந்த். 1893 ஆகஸ்டில் கல்கத்தாவில் தொடங்கி ஒரே வருஷத்தில் முடித்தார்கள். 1,193 சாட்சிகள், 3,000 பக்கங்களுக்கு மேல் ரிப்போர்ட். கலெக்டர், டாக்டர், மிஷனரி, வியாபாரி, விவசாயி எல்லாரிடமும் கேட்டிருக்கிறார்கள். இன்டர்நெட் இல்லாத காலத்துல, ரயிலும் தபாலும் மட்டும் வச்சுக்கிட்டு. நம்ம ஆபீஸ்ல ஒரு சர்வே ஃபார்ம் அனுப்பினா 40 பேர் பதில் போட ரெண்டு வாரம் ஆகுது.

அறுவடைக்கு அப்புறம்தான் சரக்கு

இந்தக் கமிஷன் முதலில் பிரித்துப் பார்த்தது பெயர்களை. ஒரே செடிதான், ஆனால் மூன்று பொருள். இலையைக் காய வைத்து அரைத்தால் பாங். பெண் செடியின் பூங்கொத்து, அதுவும் விதை பிடிக்காத பூங்கொத்து, அதைப் பக்குவம் பண்ணினால் கஞ்சா. பிசினை மட்டும் பிரித்து எடுத்தால் சரஸ். அன்றைக்கு இந்தியாவுக்கு வந்த சரஸில் பெரும்பகுதி யார்க்கண்டிலிருந்து லடாக் வழியாக வந்தது.

வங்காளத்தில் ராஜ்ஷாஹி பக்கம், இன்றைய பங்களாதேஷில் இருக்கிற நவகாவ்ன் பகுதியில்தான் பெரிய சாகுபடி. அங்கே ஒரு வேலை இருந்தது, பெயர் போத்தார். ஆங்கிலேயர்கள் அவரை 'கஞ்சா டாக்டர்' என்று கிண்டலாக எழுதினார்கள். பூ வருவதற்கு முன்னால் வயலில் நடந்து ஆண் செடி எது, பெண் செடி எது என்று கண்ணாலேயே பிரித்து, ஆண் செடிகளைப் பிடுங்கிப் போட வேண்டும். அதற்குக் கூலி. ஒரு ஆண் செடி தப்பித்தாலும் அதன் மகரந்தம் பரவி, சுற்றியிருக்கிற பெண் செடிகள் விதை பிடித்து, சரக்கின் தரம் போய்விடும். டெஸ்டிங் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியும். ஒரே ஒரு பக்கை விட்டா ரிலீஸ் மொத்தமும் போச்சு.

அறுவடைக்குப் பிறகு வேலை கைக்குப் போகவில்லை, காலுக்குப் போனது. வெயிலில் வாடிய செடிகளைப் பரப்பி, ஆட்கள் வரிசையாக நின்று மிதித்தார்கள். மிதிக்க மிதிக்கப் பிசின் வெளியே வந்து, பூவோடு பூ ஒட்டித் தட்டையாகும். இது தட்டைக் கஞ்சா. இன்னொரு முறையில் ஒரு மூங்கில் கழியைக் கையால் பிடித்துக்கொண்டு, காலடியில் பூங்கொத்தை உருட்டுவார்கள். இது உருண்டைக் கஞ்சா. உதிர்ந்து விழுகிற தூளுக்குப் பெயர் சூர்.

இந்த மூன்றும் எதுக்கு முக்கியம்னு கேட்கலாம். வரி. தட்டைக் கஞ்சாவில் குச்சி அதிகம். உருண்டையில் குறைவு. சூரில் குச்சியே கிடையாது. மூன்றுக்கும் ஒரே வரி போட்டால் வியாபாரி குச்சி இல்லாததை மட்டும்தான் எடுப்பான். அதனால் வங்காள சர்க்கார் மூன்றுக்கும் சேருக்கு வேறு வேறு வரி வைத்திருந்தது. எடை மட்டும் போதாது, அந்த எடைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்கிற அறிவு 1890-களிலேயே ஒரு கலால் ஆபீசில் இருந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரக்கு கிடங்கில் கிடக்கக் கிடக்க வீரியம் குறையும். அதற்கான காரணம் பிறகுதான் தெரிந்தது. டி.எச்.சி. என்கிற மூலக்கூறை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹீல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது காற்றிலும் வெளிச்சத்திலும் மெல்ல மெல்லச் சிதைந்து, போதை மிகக் குறைந்த கன்னபினால் ஆகிறது. அந்தக் கன்னபினாலை வேதியியலாளர்கள் 1890-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதாவது செடியில் இருந்து கிடைத்த முதல் பொருளே, கெட்டுப்போன பிறகு வருகிற பொருள்தான்.

நம்ம பக்கம்: கொல்லைப்புறமும் ஜவ்வாது மலையும்

மெட்ராஸ் மாகாணத்தின் கதை வேறு. இங்கே ராஜ்ஷாஹி மாதிரி பெரிய வயல்கள் கிடையாது. கமிஷன் இங்கே பார்த்தது வீட்டுச் செடி. கொல்லைப்புறத்தில், வேலியோரத்தில் ஒன்று இரண்டு செடி, சொந்த உபயோகத்துக்கு. 1886-ல் வந்த மெட்ராஸ் அப்காரி சட்டத்தின் கீழ் கடை வைத்து விற்க லைசென்ஸ் தேவைப்பட்டது. ஆனால் செடி வளர்ப்பதற்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை.

பயிராக வளர்த்த இடங்கள் என்றால் முக்கியமாக இரண்டு. ஒன்று, அன்றைய கிருஷ்ணா ஜில்லாவில் தக்குபாடு சுற்றிய கிராமங்கள், இன்றைய ஆந்திரா. இன்னொன்று, வட ஆற்காடு ஜில்லாவில் சந்தவாசலும் ஜவ்வாது மலையும். சந்தவாசல் இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். மலையில் பயிரிட்டவர்கள் அங்கே வாழ்கிற மலையாளி மக்கள். கேரளா இல்லீங்க, மலையை ஆள்கிறவங்கன்னு அர்த்தம் வர்ற தமிழ்ப் பழங்குடி.

இந்த இடத்துல எங்க பாட்டி ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. மாகறல். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற ரோட்டுல இருக்கு. சம்பந்தர் பாடின கோயில் இருக்கிற ஊர், செய்யாறு கரை. அந்தச் செய்யாறு உற்பத்தி ஆகிறதே ஜவ்வாது மலையிலதான். மலையில மழை பேஞ்சா மாகறல் ஆத்துல தண்ணி வரும். மலையும் சமவெளியும் தண்ணியால ஒட்டியிருந்தாலும், 1894-க்கு அப்புறம் சட்டம் ரெண்டையும் தனித்தனியா வெட்டுச்சு. எப்படின்னா, கமிஷன் கொடுத்த பரிந்துரைதான்.

பரிந்துரையின் சாரம் இது. முழுத் தடை வேண்டாம். ஆனால் கட்டுப்பாடு வேண்டும். அதற்கு ஐந்து வழி: போதுமான வரி, லைசென்ஸ் இல்லாத சாகுபடிக்குத் தடை, சாகுபடியை ஒரே இடத்தில் குவிப்பது, கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு. பாங்குக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு.

அடுத்த சில வருஷங்களில் மெட்ராஸ் மாகாணத்தில் லைசென்ஸ் சாகுபடி தக்குபாடு, சந்தவாசல் பகுதிகளுக்குள் சுருங்கியது. விளைந்ததெல்லாம் அங்கேயே இருந்த சர்க்கார் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே எடை போட்டு, வரி கட்டி, பர்மிட்டோடுதான் வெளியே வரும். மாகறல் மாதிரி ஊரில் ஒருவர் கொல்லையில் ஒரு செடி வைத்தால் அது குற்றம். அதே சரக்கை லைசென்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கினால் குற்றம் இல்லை.

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். வீட்டுச் செடி தடையானது 'உடம்புக்குக் கெடுதல்'ங்கிறதால இல்ல. அப்படின்னா கடையையும் சேர்த்து மூடியிருப்பாங்க. வீட்டுச் செடிக்கு வரி போட முடியாது, எண்ண முடியாது, எடை போட முடியாது. அதான் பிரச்சினை. உப்புக்கும் இதே லாஜிக்தான். கடற்கரையில சும்மா கிடக்கிற உப்பை அள்ளினா குற்றம், வரி கட்டின உப்பை வாங்கினா சரி.

'காரணம்' என்கிற காலம்

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி, டேட்டா.

கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்றைய பொதுநம்பிக்கை. ஆதாரம் என்ன? மனநல காப்பகங்களின் வருடாந்திரப் புள்ளிவிவரம். ஒவ்வொரு நோயாளிக்கும் 'காரணம்' என்று ஒரு காலம் இருந்தது. அதில் நிறைய பேருக்கு 'கஞ்சா' என்று எழுதியிருந்தது. வருஷா வருஷம் அதைக் கூட்டி ரிப்போர்ட் போட்டார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து லண்டனில் பேசினார்கள்.

கமிஷன் ஒரு எளிய வேலை செய்தது. அந்தக் காலத்தை நிரப்பியது யார் என்று கேட்டது. நிறைய இடங்களில் பதில், டாக்டர் இல்லை. நோயாளியைக் கூட்டி வந்த போலீஸ் கொடுத்த விவரம் அப்படியே மாஜிஸ்ட்ரேட் வழியாகக் காப்பக ரிஜிஸ்டருக்குப் போயிருக்கிறது. தெருவில் திரிந்த ஒரு ஆளைப் பிடித்து வருகிற கான்ஸ்டபிளுக்கு அந்த ஆளின் குடும்பம், பழைய நோய் எதுவும் தெரியாது. ஃபார்மில் ஒரு காலம் இருக்கிறது, நிரப்ப வேண்டும். கஞ்சா என்று எழுதிவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.

மேண்டேட்டரி ஃபீல்ட் வச்சு ஒரு ஃபார்ம் டிசைன் பண்ணினவங்க யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டீங்க. பிறந்த தேதி தெரியலைன்னா எல்லாரும் ஜனவரி 1 போடுவாங்க இல்லையா, அதேதான்.

கமிஷன் 1892-ம் வருஷக் கேஸ்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தோண்டியது. அந்த வருஷம் காப்பகங்களில் சேர்ந்தவர்கள் 1,344 பேர். ரிஜிஸ்டர்படி அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைப் பொருள். விசாரித்த பிறகு, ஏதோ ஒரு விதத்திலாவது கஞ்சாவுக்குப் பங்கு இருக்கலாம் என்று மிஞ்சியது 98 பேர். அந்த 98-லும் 37 பேருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. 222-ல பாதிக்கு மேல காணாமப் போச்சு. நோயாளிங்க மாறல, டேட்டாவை சுத்தம் பண்ணினாங்க, அவ்வளவுதான்.

அதே நேரம், 98 பூஜ்யம் கிடையாது. இதை விட்டுட்டுப் பேசுறவங்க எதிர்ப்பக்கத்துல ரீல் போடுறவங்க. மிதமாகப் பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் உடலும் மனமும் கெடும் என்பதுதான் கமிஷனின் முடிவு. இன்றைய ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் சேர்க்கின்றன: டீனேஜிலேயே தொடங்கி, வீரியம் அதிகமான சரக்கை அடிக்கடி எடுப்பவர்களுக்கு சைக்கோசிஸ் ஆபத்து கூடுகிறது. 1894 ரிப்போர்ட்டை வச்சு 2020-களின் சரக்குக்கு சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்த ரிப்போர்ட்டில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. 3 இந்திய உறுப்பினர்களில் 2 பேர், சசி சிகரேஸ்வர் ராயும் நிஹால் சந்தும், மாற்றுக் கருத்து எழுதினார்கள். அவர்கள் கேட்டது இன்னும் கடுமையான தடை. வெள்ளைக்காரன் தடை போட்டான், நம்மாளு சுதந்திரமா இருந்தான்னு ஒரு கதை ஓடுது இல்லையா? அது இங்க நிக்காது.

1985-ஆ, 1937-ஆ?

இப்போ ஆரம்பத்தில் சொன்ன வாட்ஸ்அப் வரிக்கு வருவோம்.

1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசாங்கம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதற்கான சட்டம் மெட்ராஸ் மதுவிலக்குச் சட்டம், 1937. எல்லாரும் அதை சாராயச் சட்டம் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் மதுவோடு சேர்த்து 'போதைப் பொருள்' என்பதையும் உள்ளே வைத்தது. அதன் விளக்கத்தில் கஞ்சாவும் உண்டு, பாங்கும் உண்டு. 1948 அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்று மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்துவிட்டது.

அதனால 1985-ல நம்ம ஊருக்குப் புதுசா தடை வரல. வங்காளத்துக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் பொருந்துற வரியை நாம கடன் வாங்கிப் பேசிட்டு இருக்கோம்.

1985-ல் மாறியது தண்டனையின் அளவு. அதற்கு முன்கதை 1961-ல் நியூயார்க்கில் நிறைவேறிய ஐ.நா. ஒப்பந்தம். கஞ்சாவின் மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த 25 வருஷ அவகாசம் அதில் இருந்தது. விதையும், பூவோடு சேராத இலையும் அதன் கஞ்சா விளக்கத்துக்கு வெளியே நின்றன. அதே வாசகம்தான் 1985-ல் வந்த என்.டி.பி.எஸ். சட்டத்திலும் இருக்கிறது. காசியில் பாங் கடை இன்றும் இருப்பது இந்த ஓட்டையால்தான்.

மறுபடியும் தராசு

இன்றைய சட்டத்தின்படி கணக்கு இப்படி. கையில் 1 கிலோவுக்குக் குறைவாகக் கஞ்சா இருந்தால் அது 'சிறிய அளவு', அதிகபட்சம் 1 வருஷம் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல், ஆனால் வணிக அளவுக்குக் கீழே என்றால் 10 வருஷம் வரை. 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு', அப்போது குறைந்தபட்சமே 10 வருஷம், 20 வருஷம் வரை போகலாம். ஜாமீன் கிடைப்பதும் மிகக் கஷ்டம், 37-ம் பிரிவு அப்படி.

செடி வளர்த்தால்? 20-வது பிரிவு (அ) பகுதி. 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் சிறிய அளவு, பெரிய அளவு என்கிற பிரிவே கிடையாது. மாடியில் ஒரு தொட்டியில் ஒரு செடி வைத்தவருக்கும் ஒரு ஏக்கர் போட்டவருக்கும் ஒரே வரி. அரை கிலோ பொட்டலத்தோட பிடிபட்டவருக்கு உச்ச வரம்பு 1 வருஷம், அரை அடிச் செடிக்கு உச்ச வரம்பு 10 வருஷம். 'வெளிநாட்டுல எல்லாம் வீட்டுலயே வளர்க்கிறாங்க'ன்னு விதை ஆர்டர் பண்ணலாமான்னு கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். கனடாவில் 2018-லிருந்து பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி, ஜெர்மனியில் 2024-லிருந்து ஒருவருக்கு 3 செடி. அது அங்க. இங்க அதே செடிக்கு உன் இருபதுகள் மொத்தமும் போகலாம்.

இப்போ அந்தக் கலால் ஆபீசை ஞாபகப்படுத்திக்கோங்க. குச்சிக்கு ஒரு வரி, பூவுக்கு ஒரு வரி. சட்டத்தின் எழுத்துப்படி கஞ்சா என்றால் பூக்கிற அல்லது காய்க்கிற நுனி மட்டும்தான். ஆனால் வேரோடு பிடுங்கிய பச்சைச் செடியைத் தராசில் வைத்தால் என்ன ஆகும்? தண்டு, இலை, மண், தண்ணீர் எல்லாம் எடையில் ஏறும். அறுத்ததைக் காய வைத்தால் எடையில் பெரும்பகுதி தண்ணீராகவே போய்விடும். பச்சையில் 22 கிலோ காட்டுகிற மூட்டை, காய்ந்து தண்டும் இலையும் கழித்தால் 20-க்குக் கீழே எங்கேயோ போய் நிற்கும். அந்த ஒரு எண்ணில் ஜாமீன் உண்டா இல்லையா, குறைந்தபட்ச தண்டனை உண்டா இல்லையா எல்லாம் மாறுகிறது. இலை, தண்டு, விதையைப் பிரிக்காமல் எடை போட்டது சரியா என்று இந்திய நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் திரும்பத் திரும்ப வாதாடுவது இதனால்தான்.

வரி வசூல் பண்ணும்போது தராசைத் துல்லியமாப் பார்த்த சர்க்கார், ஆளை உள்ள வைக்கும்போதும் அதே துல்லியத்தைக் காட்டணும். நான் கேட்கிறது அவ்வளவுதான். கஞ்சாவை ஆதரிக்கிறியான்னு கமெண்ட் வரும், தெரியும். இல்லை. ஒருத்தரோட பத்து வருஷத்தைத் தீர்மானிக்கிற எண் எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும்னு சொல்றேன். காப்பக ரிஜிஸ்டரில் 'காரணம்' காலத்தை நிரப்பிய கான்ஸ்டபிளும், பச்சைச் செடியைத் தராசில் வைத்து ரசீதில் கிலோ எழுதுகிறவரும் செய்வது ஒரே வேலைதான். அவங்க எழுதின எண்ணை மேல இருக்கிறவங்க அப்படியே எடுத்துக்கிறாங்க.

கடைசியா, நடைமுறைக்கு ரெண்டு விஷயம். இந்தப் பழக்கத்துல மாட்டின நண்பர் யாராவது இருந்தா, என்.டி.பி.எஸ். சட்டத்துலயே 64-ஏ பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையானவர், சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ இருந்தால், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். ஸ்டேஷன்ல பயந்து நிக்கிற பல பசங்களுக்கு இது தெரியாது. ரெண்டாவது, யாராவது '1985 வரைக்கும்'னு ஆரம்பிச்சா, எந்த மாகாணத்துலன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட் உத்திரமேரூர் கல்வெட்டு. குடவோலை முறையில யார் யாரையெல்லாம் வேட்பாளரா நிக்க விடாம தள்ளி வச்சாங்கங்கிற பட்டியல், இன்னைக்குப் படிச்சாலும் சண்டை வரும். வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.